திருநீற்றின் மேல் போட்ட பழி

ஒரு பொருளை வாங்கினால், வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே அது கடைசி வரை இருக்க வேண்டும். தச்சநல்லூர் கோமதிசங்கர் வாழ்நாள் முழுவதும் விடாமல் கடைப்பிடித்த கொள்கை இது ஒன்றுதான். ஊரில் மற்றவர்களுக்குக் கட்சி இருந்தது, சங்கம் இருந்தது, வரப்புத் தகராறு இருந்தது. இவருக்கு உறை இருந்தது. பள்ளியில் படிக்கும்போது பாடப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் ஓர் உறை, அதற்கு மேல் பாலித்தீனில் இன்னோர் உறை. அடுத்த வருடம் அவற்றை வாங்கிப் படித்த சித்தப்பா மகன், அண்ணன் போன வருடம் பள்ளிக்கூடமே போகவில்லையோ என்று வீட்டில் கேட்டானாம். மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய சைக்கிளில், கம்பெனிக்காரன் சுற்றி அனுப்பிய தாள் நைந்து தானாக உதிரும் வரை இருந்தது. வீட்டில் டிவி ரிமோட் பாலித்தீன் பைக்குள் கிடக்கும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் பக்கத்துப் பொத்தானும் கூடவே அமுங்கும். சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்ற விடமாட்டார். கோடையில் விருந்தாளிகள் எழுந்தால் உறையும் முதுகோடு ஒட்டிக்கொண்டு எழும்பும்.

"நல்ல வேளை, என்னையக் கட்டிக்கிட்டு வந்தன்னைக்கே கவரு போட்டுப் பரண்ல ஏத்தாம விட்டியளே" என்பாள் மனைவி ஆவுடைத்தாய்.

அவர் சிரிக்கமாட்டார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்காது. எவனோ ஒருவன் பாடுபட்டுச் செய்த பொருள். அதில் ஒரு கீறல் விழுந்தால் செய்தவன் முகத்தில் கீறியதாகத்தான் அவர் நினைத்தார். அலுவலகத்திலும் அவருக்கு அந்தப் பெயர் உண்டு. புது ஸ்டேப்ளர் வந்தால் கோமதிசங்கர் மேசையில்தான் வைப்பார்கள். அவர் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் கெட்டுப்போகாது என்று நம்பினார்கள். மனிதருக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது. பதவி உயர்வுகூடத் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் பொருளைப் பேணத் தெரிந்தவர் என்று நாலு பேர் சொல்வார்கள், அது போதும் என்று இருந்தார்.

பணி ஓய்வு வந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் மோதிரம் போடுகிறோம் என்றார்கள். மோதிரம் வேண்டாம், ஒரு நல்ல போன் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஆவுடைத்தாயையும் கூட்டிக்கொண்டு வண்ணார்பேட்டைக்குப் போனார். அங்கேதான் ஜைரோனா போன் அவர் வாழ்க்கைக்குள் வந்தது. கடை வாசல் முழுக்க அதே விளம்பரம். 'உறையை உதறுங்கள்! கீறல் என்ற பேச்சே கிடையாது!' கடைக்காரப் பையன் பைக் சாவியை எடுத்துக் கண்ணாடி மேல் இழுத்துக் காட்டினான். ஒரு கோடு விழவில்லை.

"இதுக்குக் கவரும் வேண்டாம் அண்ணாச்சி, மேல கண்ணாடி ஒட்டவும் வேண்டாம். ஒட்டினியன்னா கேரண்டியே கிடையாது" என்றான்.

கோமதிசங்கருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை வருடமாகப் பொருளைக் காப்பது நம் பாடு என்று இருந்தோம், நாம் காக்க வேண்டாத ஒரு பொருளை எவனோ செய்துவிட்டானே என்று நினைத்தார். கடையிலேயே, திரை மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தம் நகத்தால் உரித்தார். ஆவுடைத்தாய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்படியும் அவர் அதை விட்டேற்றியாக வைத்திருக்கவில்லை. சட்டைப் பையில் போன் இருந்தால் வேறு எதுவும் இருக்காது. துடைக்க, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன பழைய வேட்டித் துண்டு ஒன்று. சில வாரங்களில் ஆயுத பூஜை வந்தது. வீட்டு வழக்கப்படி மிக்ஸி, தையல் மிஷின், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் திருநீற்றுப் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். போனுக்கும் வைத்தார். சரஸ்வதி படத்துக்கு முன்னால், மூன்று விரலால் தொட்டுப் போட்ட பட்டையோடு அது இருந்த அழகைப் பார்த்து, ஆவுடைத்தாயின் போனில் ஒரு படமும் எடுத்துவைத்தார். மறுநாள் ஊதி, ஒற்றி, துடைத்து எடுத்தார்.

தீபாவளி கழிந்து ஒரு காலை, வெயில் சாய்வாக விழும்போது பார்த்தார். திரை முழுக்க நூல் நூலாகக் கீறல். கம்பி நாரால் தேய்த்த எவர்சில்வர் தட்டு போலிருந்தது. அன்று அவர் காலைப் பலகாரம் சாப்பிடவில்லை.

ஜங்ஷன் பக்கத்தில் இருந்த ஜைரோனா சர்வீஸ் சென்டரில் ஒரு பெண் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. வாங்கினாள், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள், திருப்பிக் கொடுத்தாள்.

"கஸ்டமர் மிஸ்யூஸ் சார்."

"அப்படின்னா?"

"நீங்க ஒழுங்கா வச்சிக்கிடல."

வேறு யாரையாவது இப்படிச் சொல்லியிருந்தால் போடி என்று வந்திருப்பார்கள். கோமதிசங்கருக்கு அப்படி வர முடியவில்லை. திருடன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பட்டிருக்காது. ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவன்! இவரையா! அந்த இடத்திலேயே நின்று, சோபா உறையிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

பக்கத்து நாற்காலியில் காத்திருந்த ஒரு பெண்தான் அவரை உட்காரச் சொன்னாள். பெயர் கிரேஸி. மணப்பாட்டுக்காரி, பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. அவள் கையிலும் அதே ஜைரோனா. அதிலும் அதே நூல் கீறல்.

"என் கைப்பையில தனி அறையில வச்சிருக்கேன் அண்ணாச்சி. காத்துகூடப் படாது. என்னையும் இதையேதான் சொல்லுதாவ. மாதா சத்தியமா நான் கீழ போட்டதே கிடையாது" என்றாள்.

இப்படித் தொடங்கியதுதான் வழக்கு. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட எல்லோருக்காகவும் ஒருவர் முன்னின்று வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று வக்கீல் தாணுமாலையன் சொன்னார். நுகர்வோர் ஆணையத்தில் அனுமதி வாங்கி, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்ததும், நாங்குநேரியிலிருந்து தூத்துக்குடி வரை ஜைரோனா வாங்கி ஏமாந்தவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். வாட்ஸப் குழு ஒன்று உண்டானது. முதல் மனுதாரர் கோமதிசங்கர். அவருக்கு நஷ்ட ஈடு ஒரு பொருட்டே இல்லை. குறை கண்ணாடியில்தான், வைத்திருந்தவர் மேல் இல்லை என்று ஆணையம் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் அலைந்தார். வெயிலென்றும் மழையென்றும் பாராமல், ஆவுடைத்தாய் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைத் தூக்கிக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா போனார்.

வக்கீல், போனை வைத்திருந்த விதத்துக்கு ஏதாவது படம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். கோமதிசங்கர் யோசித்து யோசித்து, தம்மிடம் இருந்ததிலேயே உசத்தியான சான்று என்று ஒன்றைக் கொடுத்தார். ஆயுத பூஜைப் படம். சாமிக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பொருளை ஒருவன் பாழாக்குவானா? அவருக்கு அதற்கு மேல் நிரூபணம் தேவைப்படவில்லை. தாணுமாலையன் அதைச் சரியாகப் பார்க்காமலே மற்ற தாள்களோடு சேர்த்துத் தைத்துவிட்டார்.

கம்பெனியின் வக்கீல் சரியாகப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்த இளைஞர், பேச்சு வெண்ணெய். அந்தப் படத்தைச் சுவர் நாட்காட்டி அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்து மேசை மேல் விரித்தார்.

"இது மனுதாரரே தாக்கல் செய்த படம். மிக நுண்மையான ஒரு கண்ணாடிப் பரப்பின் மேல் மனுதாரர் தம் விரலால் சாம்பல் பொடியைத் தேய்த்திருக்கிறார். சாம்பலில் மணல் துகள் கலந்திருக்கும் என்று எங்கள் நிபுணர் அறிக்கை கொடுத்திருக்கிறார். மனுதாரர்களில் பெரும்பாலோர் இதே வழக்கம் உடையவர்கள்."

சாவியால் இழுத்தாலும் கீறாது என்று விற்றவன், மூன்று விரலால் தொட்டு வைத்த திருநீறு கீறிவிட்டது என்கிறான்! அதையும் சாம்பல் பொடி என்கிறான்! கோமதிசங்கர் எழுந்து, "நான் தேய்க்கலய்யா, பூ மாதிரில்லா வச்சேன்" என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். இவர் கட்சி ஆட்களில் ஒருவர்தான்.

அன்று மாலை குழுவில் ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். 'ஒம்ம படந்தான்வே எல்லாத்தையும் கெடுத்துச்சு' என்று நாங்குநேரி உரக்கடைக்காரர் சுடலைமாடன் எழுதினார். அதற்குப் பலர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். இவர்களுக்காகவா அலைந்தோம் என்று கோமதிசங்கருக்கு அருவருப்பாக வந்தது. பதில் எழுதாமல் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கண்ணாடி தரையில் படுமே என்று நிமிர்த்தி வைத்தார்.

கவிழ்த்து நிமிர்த்தும் அந்த நேரத்தில்தான் அவருக்குப் பளிச்சென்று பட்டது. கிரேஸி! அவள் வீட்டில் திருநீறு ஏது? அவள் போனிலும் அதே கீறல்தானே? மேலப்பாளையம் ஜுபைதா பீவியும் குழுவில் இருக்கிறார், அவர் போனிலும் அதே கீறல். இவர்கள் இரண்டு போனையும் மேசை மேல் வைத்தால் அந்த வெண்ணெய் வாயன் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வான்? அவர் சிரித்துக்கொண்டே ஆவுடைத்தாயிடம் ஓடிப்போய்ச் சொன்னார். அவளும், "அப்ப இனி கவலை இல்ல. ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் பாளையங்கோட்டைக்குப் போய்க் கிரேஸி வீட்டுக் கதவைத் தட்டினார். கிரேஸி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். காப்பி கொடுத்தாள். அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் தலை தாழ்ந்துகொண்டே போனது. மேசை மேல் ஒரு போன் இருந்தது. ஜைரோனாதான். புதுசு. மேலே தடித்த கண்ணாடி ஒட்டி, சுற்றிலும் ரப்பர் உறை போட்டிருந்தது.

"கம்பெனிக்காரங்க போன வாரமே வீட்டுக்கு வந்தாவ அண்ணாச்சி. பழசை வாங்கிக்கிட்டுப் புதுசைத் தந்தாவ. கேஸைப் பத்தி யாரிட்டயும் பேச மாட்டேன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கிட்டாவ" என்றாள்.

"ஒனக்கு மட்டுமா தந்தான்?"

"இல்ல. ஜுபைதா பீவி அக்காவுக்கும் தந்திருக்காவ. எங்க ஊரு சர்ச்சுக்காரங்க நாலஞ்சு பேருக்கும் கிடைச்சிருக்கு." அவள் புதுப் போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கும் அப்பம் வெளங்கல அண்ணாச்சி. ஏன் எங்களுக்கு மட்டும்னு நேத்து ஒங்க படத்தப் பத்திக் குழுவுல வந்ததப் பாத்த பிறவுதான் வெளங்குச்சு."

கோமதிசங்கருக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். திருநீறு பூசாத வீடாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான்! யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று பட்டியல் போட்டு, அவர்களை மட்டும் பைய வழக்கிலிருந்து உருவி எடுத்துவிட்டான். இனி ஆணையத்தின் முன் நிற்பவர்கள் அத்தனை பேரும் பட்டை போடுகிறவர்கள். அவன் பொய்க்கு இவர்கள் நெற்றியே சாட்சி. ஒரு கண்ணாடியை உருப்படியாகச் செய்யத் துப்பில்லாதவனுக்கு இதற்கெல்லாம் எங்கிருந்து மூளை வந்தது என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது. சாக்கடையில் கைவிட்டதுபோல் கையைத் துடைக்க வேண்டும் என்று தோன்றியது.

"ஒரே ஒரு நாளு வந்து, 'நான் திருநீறு பூசலை, என் போன்லயும் கீறல் விழுந்துச்சு'ன்னு மட்டும் சொல்லும்மா. வேற ஒண்ணும் வேண்டாம்."

"கையெழுத்துப் போட்டாச்சே அண்ணாச்சி." கிரேஸியின் கண் கலங்கிவிட்டது. "மகனுக்கு ஆன்லைன் கிளாஸு, போனு இல்லாம முடியாதுன்னு வாங்கிட்டேன். இப்பம் மாத்திச் சொன்னா என் மேலயே கேஸ் போடுவாவளாம். என்னைய மன்னிச்சிருங்க."

அவளைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. வாசல் வரை வந்தவள், அவர் செருப்பை மாட்டும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாணுமாலையனிடம் போய்ச் சொன்னால், அவர் வேறொரு தாளை நீட்டினார். சமரசம் பேசி முடித்தாகிவிட்டதாம். ஒவ்வொருவருக்கும் திரையில் ஒட்ட ஒரு கண்ணாடி, ஓர் உறை, அடுத்த ஜைரோனா வாங்கினால் தள்ளுபடிக் கூப்பன். எந்தக் குறையையும் கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. வக்கீலின் செலவைக் கம்பெனியே தனியாகப் பார்த்துக்கொள்ளும். கடைசியில் ஒரு வாசகம்: 'திருநீறு போன்ற உராய்வுப் பொடிகளிலிருந்து சாதனத்தைத் தள்ளி வைக்குமாறு நுகர்வோர் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.'

"உறை வேண்டாம்னு சொல்லி வித்தவன், இப்பம் உறையத் தந்து வாயடைக்கானா? இதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"லேபுக்கு அனுப்பிச் சோதிச்சா வருஷக்கணக்குல இழுக்கும் அண்ணாச்சி. மத்தவங்க எல்லாம் சம்மதிச்சிட்டாங்க. நீங்க ஒருத்தரு முறுக்கிக்கிட்டு நின்னா எல்லாருக்கும் நஷ்டம்லா?"

"இதுல போட்டா, நான்தான் கெடுத்தேன்னு நானே ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"யாரு படிக்கா அண்ணாச்சி இதையெல்லாம்?"

கோமதிசங்கர் தாளைத் திருப்பி மேசை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வாய்தாவில் அவர் பெயர் இருந்த இடத்தில் சுடலைமாடன் பெயர் இருந்தது. சுடலைமாடன் கையெழுத்துப் போட்டார், சமரசம் பதிவானது. அவ்வளவுதான். அவர் அலைந்த அலைச்சலெல்லாம் இன்னொருவன் பேனாவில் ஒரு நொடியில் முடிந்தது.

கண்ணாடியும் உறையும் வழங்க ஜைரோனாக்காரன் மண்டபம் பிடித்தான். வாசலில் பன்னீர் தெளித்தான், சந்தனம் கொடுத்தான், 'வாடிக்கையாளர் நன்றித் திருவிழா' என்று பேனர் கட்டினான். ஏமாந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குழுவில் வந்த அந்தப் படத்தைக் கோமதிசங்கர் பார்த்தார். அத்தனை பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மானம் ரோஷம் என்று ஏதாவது இருந்தால் இப்படி நிற்பார்களா? குழுவை விட்டு வெளியேறினார். வெளியேறியதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சமரச அறிவிப்பு செய்தித்தாளில் வந்தது. திருநீற்று வாசகம் கட்டம் கட்டி வந்தது. தாணுமாலையன் சொன்னது தப்பு. எல்லோரும் படித்தார்கள். டீக்கடையில் படித்தார்கள், பஸ்ஸில் படித்தார்கள், வாட்ஸப்பில் 'உங்கள் போனைக் காப்பாற்றுங்கள்' என்று சிவப்பு எழுத்தில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள்.

அடுத்து வந்த பிரதோஷத்துக்கு ஆவுடைத்தாய் அவரை வலுக்கட்டாயமாகக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூட்டம் நெரிந்தது. தீபாராதனை முடிந்து பட்டர் திருநீற்றுத் தட்டோடு வந்தார். முன்னால் நின்ற ஓர் ஆள், கையை நீட்டுவதற்கு முன்பு சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துப் பத்திரமாகப் பெண்டாட்டி கையில் கொடுத்தார். கோமதிசங்கருக்குத் தாங்கவில்லை.

"ஏன்வே, திருநீறு ஒம்ம போனை என்ன செஞ்சுச்சு?"

"ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? கோர்ட்லயே சொல்லிட்டாவ. பேப்பர்ல போட்டிருந்துச்சே" என்றார் அவர், நல்லது சொல்கிற முகத்தோடு.

கோர்ட் அப்படிச் சொல்லவே இல்லை, அது ஒரு பொய்யன் எழுதிக்கொடுத்த வாசகம் என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பட்டர் அவர் முன்னால் வந்துவிட்டார். கோமதிசங்கர் வலது கையை நீட்டினார். அள்ளிக் கொடுத்த திருநீற்றில் கொஞ்சம் விரல் இடுக்கில் உதிர்ந்தது.

ஆவுடைத்தாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கிறாள் என்று அவரும் குனிந்து பார்த்தார். அவருடைய இடது கை, அவரைக் கேட்காமலே எழும்பி, போன் இருந்த சட்டைப் பையின் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

ஆவுடைத்தாய் சந்நிதிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோமதிசங்கர் அந்தக் கையை எடுக்கப் பார்த்தார். எடுக்க மனம் வரவில்லை. இத்தனை நாள் ஜைரோனாக்காரன் மேலும் வக்கீல் மேலும் ஊரார் மேலும் வந்த அருவருப்பு அத்தனையும் இப்போது அந்த ஐந்து விரல் மேல் வந்து நின்றது.